வெள்ளையில் வெள்ளையாக எழுதியது

ஸ்டெபிலைசர் பெட்டிக்கு அடியில் இன்று உன் பிளாப்பி கிடைத்தது. மேலே ஒட்டிய சீட்டில் உன் கோணல் கையெழுத்து: "சின்னப்பண்ணன் பெட்ஷீட், நல்ல பக்கம்." இதைப் போட்டுப் பார்க்க இந்த ஊரில், ஏன், இந்தப் பூமண்டலத்திலேயே இனி ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தும் தூசி துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சின்னப்பண்ணனேதான் இன்று நாலு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறார். புதிதாக ஒரு வெப்சைட் வேண்டுமாம்.

தொண்ணூறுகளின் கடைசி. பீளமேட்டில் நாம் இருவரும் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தோம். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம். அது போடுகிற ஊளையில் சூலூர் விமானங்கள் தரையிறங்கவே அஞ்சுகின்றன என்று சொல்லித் திரிந்தேன். கொங்கு மண்டலத்தின் இணையச் சக்கரவர்த்தி என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்ட காலம். நீயோ தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டிருப்பாய்.

கருமத்தம்பட்டியில் பெட்ஷீட் தறி ஓட்டிய சின்னப்பண்ணனுக்கு நாம் வெப் பக்கம் செய்தோம். கல்யாணப் பத்திரிகை மாதிரி வேண்டுமென்றார்: மேலே குலதெய்வம், கீழே பங்காளிகளைத் தவிர எல்லாச் சொந்தத்தின் பேரும், மொத்தமும் ஒரே படமாக. "படத்துக்குள்ள இருக்கற எழுத்த சர்ச் இன்ஜின் படிக்காதுங்ணா," என்றாய். "வாங்கறவன் உங்க பெரியப்பன் பேரையா தேடுவான்? பெட்ஷீட்டத் தேடுவான். அத எழுத்தாவே எழுதோணும்." ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வைத்தாய். ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன துணி, என்ன அளவு என்று எழுதினாய். ஜவுளி சம்பந்தமான மற்ற வெப்சைட்காரர்களுக்கெல்லாம் மெயில் போட்டு, நம் முகவரியை அவர்கள் பக்கத்தில் சேர்க்கக் கேட்டாய். வாரத்துக்கு ஒன்றும் இரண்டுமாக வெளிநாட்டு விசாரணைகள் வந்தன. அதை நம்பி அண்ணன் புதிதாக எட்டுத் தறி இறக்கினார். பிளாப்பியில் நீ எடுத்துவைத்தது அந்தப் பக்கத்தைத்தான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்ஷீட் என்று தேடினால் அவருடைய பங்காளியின் கம்பெனி நமக்கு மேலே நின்றது. இருவர் ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர், பேச்சுவார்த்தை கிடையாது. நீ ஒரு கல்யாணத்துக்காகச் சூலூர் போயிருந்த இரண்டு நாளில், அந்தப் பங்காளி கம்பெனியின் பேரை நம் பக்கத்தின் அடியில் வரிசை வரிசையாக அடித்தேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. சர்ச் இன்ஜினுக்குத் தெரியும். அவரைத் தேடுகிறவர்கள் நம்மிடம் வந்து விழுவார்கள். விழவும் செய்தார்கள். பத்தே நாளில் உச்சிக்கு ஏறினோம்.

நீ மட்டும் சந்தோஷப்படவில்லை. "எப்படி மாப்ளே ஏறுச்சு?"

"என்ற ராசிடா. இமயமலைக்கே ஏணி போட்டவன் நானு."

"காரணம் தெரியாம ஏறுனா எனக்குப் பயமா இருக்குது."

ஒரு மத்தியானம் பங்காளியே நம் சென்டருக்கு வந்தார், நீயும் இருந்தாய். வேட்டி மடிப்புக் கலையவில்லை, குரலும் உயரவில்லை. நம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். "அந்த மவுஸக் கொஞ்சம் குடுங்க. எம்புள்ள காலேஜ்ல படிக்கறா, இப்படி இழுத்துப் பாக்கச் சொன்னா." பொத்தானை அழுத்தியபடி மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். வெற்றிடமாக இருந்த அடிப்பகுதி நீலமாக மாறியது. அந்த நீலத்துக்குள்ளிருந்து அவருடைய பேர் ஒன்று, பத்து, நூறு என்று எழுந்து நின்றது.

"ஏனுங்க, எம்பேரு உங்க பக்கத்துல இத்தன தடவ எதுக்குங்க கெடக்குது?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

மறைத்து எழுதிய குற்றத்துக்காக அந்த வாரமே சர்ச் இன்ஜினிலிருந்து நம்மைத் தூக்கிவிட்டார்கள். சின்னப்பண்ணன் கம்பெனிப் பேரை முழுதாக அடித்தாலும் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்றது. விசாரணைகள் நின்றன. பிறகு தறிகள் நின்றன. அண்ணன் நம் இருவரையும் ஷெட்டுக்கு வரச்சொன்னார். சத்தமே இல்லாத தறி ஷெட்டில் நான் நின்றது அன்றுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஆருங்க செஞ்சது?"

அவருடைய தம்பி மகளை எனக்குப் பேசி முடிக்கிற நேரம் அது. சக்கரவர்த்தி நான் நின்றுபோன தறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ என்னை ஒரே ஒரு முறை பார்த்தாய்.

"நாந்தானுங்ணா செஞ்சுபோட்டேன்," என்றாய்.

"சரி கண்ணு. இனி இந்தப் படி மிதிக்காதீங்க," என்று உன்னிடம் மட்டும் சொன்னார்.

கோயமுத்தூரில் அதற்குப் பிறகு உனக்கு யாரும் வேலை தரவில்லை. பெங்களூர் போனாய். என் கல்யாணத்துக்கு உன்னை அழைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன ஐப்பசியில் நீ இறந்துவிட்ட செய்தி வந்தபோது சின்னப்பண்ணன், இப்போது என் பெரிய மாமனார், இந்த நாற்காலியில்தான் இருந்தார். "என்ற எட்டுத் தறியத் தின்னவன்," என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். "ஆமாங்க பெரீப்பா," என்றாள் என் மனைவி. நானும் என் காபியைக் குடித்து முடித்தேன்.

இன்றும் எந்தப் பக்கத்தையும் வெளியிடும் முன் மவுஸை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்க்கிறேன். எதுவும் எழுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த நீலத்துக்குள்ளிருந்து உன் பேர் வரிசை வரிசையாக எழுந்துவிடுமோ என்று மறுபடி இழுத்துப் பார்க்கிறேன்.

உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை அச்செடுத்து டீப்பாயின் மேல் வைக்கப்போகிறேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. மணி நாலாகிறது. வாசலில் அவருடைய வண்டிச் சத்தம். "மாப்ளைங்க, ஊட்டுல இருக்கறீங்களா?" என்று கூப்பிடுவார். நான் சொல்லவேண்டியதைக் காலையிலிருந்து பழகி வைத்திருக்கிறேன்.

"வாங்க மாமா. வெப்சைட் அப்புறம். மொதல்ல இதப் படிச்சுப்போடுங்க."