துணி இறங்கும்போது

மார்ச் 3, திங்கள்

ஸ்டுடியோவில் இன்று முழுக்க பாஸ்போர்ட் படங்கள்தான். தலையை நேரா வைங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, அடுத்த ஆள். வீடு திரும்பினால் கூடமே தலைகீழாகக் கிடக்கிறது. சோபா சமையலறை வாசலில் நிற்கிறது. ஜன்னல் திரைக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் ஷிபான் துணி தரையெல்லாம். நடுவில் ஸ்டூல் மேல் மச்சினி, எதிரே செல்போனோடு என் மனைவி. துணி பறக்கிற மாதிரி போட்டோ எடுக்கிறார்களாம்!

"மாமா, அந்த ஃபேனைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்களேன்" என்றாள் மச்சினி.

பசிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இந்த வீட்டில் போட்டோகிராஃபர் நான். என்னைப் போய் ஃபேன் பிடிக்கச் சொல்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மனைவி படங்களைக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

"மூலையில வாளி தெரியுது" என்றேன்.

"அட ஆமாங்க, கவனிக்கவே இல்ல." முகம் சுருங்கிவிட்டது.

நான் பார்த்தது வாளியை இல்லை, மச்சினியின் முகத்தை. அவள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அந்த ஆல்பத்தில் ஒரு பக்கத்தில்கூட அவள் இப்படி இல்லை.

மார்ச் 5

வாளியாம். சே, என்ன பேச்சு அது.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை ஸ்டூலில் பக்கத்து வீட்டு நர்ஸ். வாளி இடம் மாறிவிட்டது. நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். மச்சினி துணியை மேலே வீசிவிட்டுக் குனிந்து ஓடிவிடுகிறாள். துணி உச்சிக்குப் போகிறது. அங்கேதான் பட்டனை அமுக்க வேண்டும், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். என் மனைவி அமுக்கவில்லை. துணி இறங்கத் தொடங்குகிறது. முடிந்தது என்று நினைத்து நர்ஸ் மூச்சை விடுகிறார், தோள் தளர்கிறது. அப்போது அமுக்குகிறாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் இல்லங்க. துணி மேல போறப்ப எல்லாரும் போட்டோ மூஞ்சி வச்சுக்கிறாங்க. இறங்கறப்பதான் அவங்க மூஞ்சி வருது."

இத்தனை வருடமாகக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறேன், எனக்குத் தோன்றவில்லையே! வயிறு எரிகிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எரிகிறது. கட்டின பொண்டாட்டி மேலேயே பொறாமைப்படுற ஆள் உலகத்துல வேற எவனாவது இருப்பானா?

மார்ச் 10

கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். தூசி படிகிறது என்று காரணமும் சொன்னேன். அவள் கேமராவைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலாவது தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

நர்ஸ் வேலை பார்க்கும் பல் டாக்டரம்மா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். கையில் நர்ஸின் படம். இதே மாதிரி தனக்கும் வேண்டுமாம். முதலாளி படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் வீட்ல எடுத்ததாமே. ஏன்யா, இவ்வளவு வித்தையையும் ஒளிச்சா வச்சிருந்த?"

சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன். நான் எடுத்தேன் என்று சொல்லவில்லையே? இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே எடுப்பது என்று முடிவாகிவிட்டது.

மனைவியிடம் டாக்டரம்மா வருகிறார், நான் எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"சரிங்க. நான் துணி வீசறேன்."

சண்டை போட்டிருந்தால் தேவலை.

மார்ச் 16, ஞாயிறு

துணி இறங்கும்போதுதான் அமுக்கினேன். அவள் செய்ததையே செய்தேன். ஆனால் என் வாய் சும்மா இருந்தால்தானே? தலையை நேரா வைங்க, சிமிட்டாதீங்க — தானாக வருகிறது. டாக்டரம்மா விறைத்துப்போனார். மஞ்சள் துணி அழகாகப் பறக்கிறது, நடுவில் ஒரு பாஸ்போர்ட் படம். இவள் வீசி வீசிக் கை ஓய்ந்து நின்றாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

கேமராவை மனைவியிடம் நீட்டினேன். "நீ எடு. எனக்குக் கண்ணு உறுத்துது."

கண் உறுத்தவில்லை. அவளுக்கும் தெரியும். துணியை நான் வாங்கிக்கொண்டேன். நான் வீசும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "உங்ககிட்ட வர்றவங்கள்ல ரொம்பப் பயப்படறது யாரு டாக்டர்?"

"ஆம்பளைங்கதான். மீசை எவ்வளவு பெருசோ பயமும் அவ்வளவு பெருசு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். துணி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு படம் போதும் என்றாகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

முதலாளி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். தோளில் தட்டி, "இப்பதான்யா நீ போட்டோகிராஃபர்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு காலம் ஏங்கியிருப்பேன்! வந்தே விட்டது, ஆனால் அவளுக்கு வரவேண்டியது.

"முதலாளி என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குன்னாரு."

"யாரு எடுத்ததுன்னு கேட்டாரா?"

"கேக்கல."

"ம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இருக்கிற பாத்திரத்துக்கு அவ்வளவு நேரம் குழாய் ஓட வேண்டியதில்லை.

மார்ச் 19

அந்த "ம்".

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். கடை திறந்ததும் முதல் வேலையாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். எடுத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரி. நர்ஸ் படம், டாக்டரம்மா படம், இரண்டும்தான்.

முதலாளி திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடிக்குள் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அடுத்த வாரம் இதே மாதிரி கேட்டு வர்றவங்களுக்கு அவங்களையே கூட்டிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். அவ்வளவுதான். என் இடத்தைக் காலி செய்ய ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். "நிஜமாவா சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எந்தப் புடவை கட்டிக்கொண்டு வருவது என்று கேட்டாள்.

மார்ச் 27, வியாழன்

ஸ்டுடியோவுக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அந்த அம்மா கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "நீங்கதானே சார் எடுக்கப்போறீங்க?" என்றார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "அவங்கதான்" என்று காட்டிவிட்டுத் துணியை உதறினேன்.

பொறாமை போய்விட்டதா? எங்கே போகும், அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் ஸ்டூலில் ஏறினாள், இவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."

தள்ளி நின்றேன்.