அவசரமில்லை என்றீர்களே, மாமா

கடலூர் முதுநகர் ஐஸ் பேக்டரி மோட்டார்களுக்கெல்லாம் வைத்தியராக இருந்த என் அன்பு மாமா,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மோட்டார் எரிந்தால் இப்போது அங்கே யாரைக் கூப்பிடுகிறார்களோ தெரியாது. அதை விசாரிக்க அந்தப் பேக்டரியில் யாரையும் எனக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் என் வீடு அப்படியேதான் இருக்கிறது. மனைவியும் பையனும் சென்னையில். மூன்று அறைகளில் ஒன்றைத்தான் திறக்கிறேன். காலையில் எழுந்ததும் தாளை நான்காக மடித்து, எது அவசரம், எது முக்கியம், எது இரண்டும், எது இரண்டுமில்லை என்று அன்றைய வேலைகளைப் பிரித்து எழுதும் பழக்கம் போகவில்லை. அலுவலகத்தில் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். பதவி உயர்வு கொடுக்கும்போது மட்டும் என் பெயர் மறந்துபோகிறது. அதை விடுங்கள்.

இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தை நான் மறக்கவில்லை. இறந்தவரிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏழரைக்குள் பால் காய்ச்ச வேண்டும். உடன்பிறந்தவள் காய்ச்சுவதுதான் நம் வழக்கம் என்பதால் ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். நீங்கள் அக்காவைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கியபோது ஒன்பதரை. பக்கத்து வீட்டு அம்மா பால் காய்ச்சியிருந்தார்; வந்தவர்கள் இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

“ஐஸ் பேக்டரில மோட்டாரு எரிஞ்சி பூட்டுச்சி மச்சான். வுட்டுட்டு வந்தா அவ்ளோ மீனும் நாறிப்பூடும்” என்றீர்கள், கையில் கிரீஸோடு. பிறகு சிரித்துக்கொண்டே, “நீ எங்க போயிடப் போற? நீ என்ன கெட்டுப்போற சரக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். “மீன் நாத்தம் எங்க வீட்டுக்கு வேணாம். அங்கயே போயி இருங்க” என்றேன். அக்கா பால் குண்டானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் பைக்கில் ஏறினாள். போனிலாவது சொல்லியிருக்கலாம், மாமா. அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுதாகப் போகவில்லை.

ஆறு வருடம் நாம் பேசவில்லை. பிறகு ஒருநாள் நீங்களே போன் செய்தீர்கள். குரல் மெலிந்திருந்தது.

“மச்சான், ஒடம்பு கொஞ்சம் சரியில்ல. ஒருவாட்டி வந்துட்டுப் போயேன்.”

“என்ன ஆச்சு?”

“வந்தா பேசிக்கலாம். அவசரமில்ல. ஒன் வேலையப் பாத்துக்கிட்டு வா.”

நம் பக்கத்தில் யார் அவசரம் என்று சொல்லி உறவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? சாகக் கிடப்பவர்கூட வேலையைப் பார்த்துக்கொண்டு வா என்றுதான் சொல்வார். இது தெரிந்தும், ‘முக்கியம், அவசரமில்லை’ என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினேன். ஏழு வாரம் அதை ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு மாற்றி எழுதினேன். எட்டாவது வாரம் உங்கள் மகள் கயல் அழுதுகொண்டே போன் செய்தாள். அன்றைக்கு மட்டும் அரைமணி நேரத்தில் பஸ் ஏற என்னால் முடிந்தது.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ் இல்லை. எத்தனை மாதம் வேலைக்குப் போகாமல் கிடந்திருந்தால் அது போயிருக்கும்?

நெருங்கியவர்களைக் காக்க வைக்கலாம் என்று நீங்கள் நினைத்தீர்கள். அதற்காக உங்களைத் திட்டிய நான் வேறென்ன செய்தேன்? நான் கெட்டுப்போகிற சரக்குதான், மாமா. அந்த ஆறு வருடத்தில் கெட்டுத்தான் போனேன்.

சென்ற வாரம் கயல் பேசினாள். “தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு மாமா. தாய்மாமன் நீங்கதான் என்னய மணவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும்.” உடனே, “அன்னிக்கு ஆபீஸ் இருந்தா பரவால்ல. சித்தப்பாவ வச்சி சமாளிச்சிக்கறோம்” என்றாள்.

அப்படியே உங்கள் குரல்.

கல்யாணத்தன்றே கடலூரில் பெரிய அதிகாரிகள் முன்னால் நான் வகுப்பெடுக்க வேண்டும். நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று! அதில் பேர் வாங்கினால் இந்த முறை பதவி உயர்வில் என்னைத் தள்ள முடியாது என்றார்கள். இன்று காலை தாளை மடிக்கவில்லை. நேரே போய், வர இயலாது என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘தாய்மாமன்’ என்று எழுதினேன்.

“இவ்ளோதானா சார்?” என்றார் மேலாளர்.

“இவ்ளோதான்.”

முதல்நாளே முதுநகர் வந்துவிடுவேன். கயல் புகுந்த வீடு போனதும், அக்காவை இங்கே வரச் சொல்லப் போகிறேன். பூட்டிய அறைகளைத் திறந்துவைத்து, அவள் கையால் பால் காய்ச்சச் சொல்வேன். பூவும் பொட்டும் இல்லாதவள் காய்ச்சலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நல்ல நேரம் பார்க்கப் போவதில்லை. அவள் ஒன்பதரைக்கு வந்தாலும் சரி, அதுவரை அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மச்சான்,
கயலின் தாய்மாமன்