மஞ்சள் முடிச்சு

ஆர்ஹுஸ்,
12 மார்ச் 1950

அன்புள்ள விகோவுக்கு,

இங்கே நலம். நீ நலம் என்பதை வந்து சேர்ந்த படமே சொல்லிவிட்டது.

காப்பிக்கு இன்னும் ரேஷன்தான். அப்பாவுக்கு மூட்டுவலி, வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. சுருட்டி வந்த கான்வாஸைச் சமையலறை மேசையில் விரித்தவர் அவர்தான். கட்டம் கட்டமாகச் சிவப்பும் கறுப்பும். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை படம் அனுப்பியிருக்காரா, கால் தொடைக்கிற விரிப்பு அனுப்பியிருக்காரா? இதுல தலை எது, கால் எது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் சிரித்து மூன்று வருஷம் ஆகிறது.

பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தேன்.

நீ டூனிசியாவுக்குக் கிளம்பியபோது எனக்குக் கோபம். ஓவிய அகாடமியில் கற்றதெல்லாம் செத்துவிட்டது, ஐரோப்பாவில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்றாய். என்னையும் சேர்த்துச் சொல்கிறாய் என்று நினைத்தேன். டாக்மாரின் முகத்தை வரைந்து வரைந்து நீ சுரண்டிப் போட்டது எனக்குத் தெரியாதா? கண், மூக்கு எல்லாம் சரியாக இருக்கும். நம் பிள்ளை மட்டும் அதில் இருக்கமாட்டாள்.

அங்கே கைரவான் ஊரில் உன் வீட்டுக்கார அம்மாள் மப்ரூக்கா, தறியில் கம்பளம் நெய்துகொண்டே, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாளாம். உன் அரைகுறை அரபியில், ஒன்று, பெயர் டாக்மார், ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றாயாம். அதற்கு அவள், "செத்துப்போன எம் பொண்ணுக்கு இங்க ஒரு முடிச்சு போட்டிருக்கேன். பக்கத்துலயே உம் பொண்ணுக்கும் ஒண்ணு போடறேன்" என்று மஞ்சள் நூலை எடுத்தாளாம். மறுநாள்தான் நீ மறுபடி தூரிகையைத் தொட்டிருக்கிறாய்.

படத்தின் கீழ்மூலையில் அந்த மஞ்சள் இருக்கிறது. முகமில்லை, கைகாலில்லை. ஆனாலும் எப்போதும் போடும் அந்த மஞ்சள் மழைக்கோட்டோடு ஓடுகிறவள் நம் டாக்மார்தான். "நம்ம குட்டிடி" என்றார் அப்பா. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, விகோ. பிள்ளை போனதிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத அவள் பெயரை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டு நாள் அப்படியே இருந்தது. இப்போது நன்றி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மப்ரூக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னி அனுப்பியிருக்கிறேன். பாலைவனத்துக்குக் கம்பளியா என்று அப்பா கேலி செய்கிறார். செய்யட்டும்.

வரைய இன்னும் இருந்தால் வரைந்து முடித்துவிட்டே வா. கடவுள் உன் கையைக் காப்பாற்றட்டும். வந்ததும் எனக்காக ஒன்று செய். நம் பிள்ளையின் பெயரை என் எதிரில் ஒரு தடவை சொல்.

உன்,
ராக்னில்ட்