உன் கையால் கொடுத்த மனு

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நாம் இல்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். நேற்று உன் வீட்டுக் கதவைத் தட்டி என் ஆட்சேபனை மனுவை உன் கையிலேயே கொடுத்தேனே, அப்போது உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பஸ் ஓட்டுகிறவனுக்கு மனு எழுத வருமா என்றுதானே நினைத்தாய்?

நீதிமன்றத்துக்குப் பின்னால் பொதுச் சட்ட நூலகம் இருக்கிறது. மதிய ஷிப்ட் நாட்களில் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காலை முழுக்க அங்கேதான் கிடக்கிறேன். நூலக அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "எந்தப் புத்தகத்துல இருக்குன்னு காட்டுவேன். என்ன செய்யணும்னு சொன்னா என் வேலை போயிடும்." ஒரு பக்கம் புரிய அரை நாள் ஆகிறது. ஆனாலும் விடப்போவதில்லை. அப்பாவை முதியோர் இல்லத்தில் தள்ளுவதற்கு நீதிபதியின் கையெழுத்து கேட்டுப் போயிருக்கிறாய். நான் இருக்கும்வரை அது நடக்காது.

உன் தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கும் வக்கீல் இல்லை. தையல் கடையை மூன்று மணிக்கே பூட்டிவிட்டு அதே நூலகத்துக்குத்தான் ஓடுகிறேன். நீ காலையில் மூடி வைத்த தடிப் புத்தகத்தை நான் மாலையில் திறக்கிறேன். ஓரத்தில் பென்சில் கோடு போடுவது நீதான் என்று தெரியும். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் போட்டுத் திட்டு வாங்குவாய். நூலக அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

'தள்ளுவதற்கு' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? போன மாதம் பட்டப்பகலில் அப்பா மூன்று தெரு தாண்டி நடுரோட்டில் செருப்பில்லாமல் நின்றார். காய்கறிக்காரர்தான் என் கடைக்குக் கூட்டி வந்தார். "மகன் பஸ் இப்ப வரும், ஏறிக்கறேன்னு சொல்லிட்டே இருக்காரும்மா" என்றார். நீ அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். அது உன் தப்பில்லை. ஆனால் நீ ஷிப்டில் இருக்கும் எட்டு மணி நேரம் அவரை யார் பார்ப்பது? இதற்கு மட்டும் பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

உன் மனுவை மறுபடி படித்தேன். என்னைப் 'பொறுப்பற்றவர்' என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருடமாக அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவன் பொறுப்பற்றவன். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு எட்டிப் பார்க்கிறவள் பொறுப்பானவள். நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். பதினெட்டாம் தேதி நீதிபதி முன்னால் பேசிக்கொள்வோம்.

மார்ச் 15, அஞ்சலட்டை

தம்பிக்கு,

சொன்னபடியே கவரைத் திருப்பி அனுப்பிவிட்டாய். அதனால்தான் இந்த அட்டை. இதைப் பிரிக்க வேண்டியதில்லை. நீ படிக்காவிட்டாலும் தபால்காரர் படித்துவிடுவார்.

வழக்கில் ஒரு தரப்பு தன் காகிதத்தைத் தானே எதிர்த் தரப்பிடம் கொடுத்தால் செல்லாதாம். வேறொருவர் கையால்தான் கொடுக்க வேண்டுமாம். நீ கோடு போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, நீ புரட்டவில்லை. முறையாகக் கொடுப்பதற்கான கெடு பன்னிரண்டாம் தேதியோடு முடிந்தது. நான் சும்மா இருந்தாலே போதும், உன் மனுவைத் தொடவும் மாட்டார்கள், உன்னைப் பேச விடவும் மாட்டார்கள்.

அதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. மறுநாள்தான் இதையெல்லாம் உனக்குக் கவரில் எழுதிப் போட்டேன். அது திரும்பி வந்ததும் நேராக நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், உன் மனு எனக்குக் கிடைத்தது, கொடுத்த முறையில் எனக்குப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா இரண்டு தடவை கேட்டார்: "நிஜமாத்தான் கையெழுத்துப் போடறீங்களா?"

விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி நீதிபதி கேட்காவிட்டாலும் நான் எழுந்து கேட்பேன். பதிலோடு வா. பதில் இருந்தால் அங்கேயே வழக்கை வாபஸ் வாங்குகிறேன். இல்லையென்றால், தம்பி, அப்பாவை இல்லத்தில் சேர்க்க நீயே சரி என்று சொல்லிவிடு. அத்தனை பேர் முன்னால் உன்னைப் பொறுப்பற்றவன் என்று என் வாயால் சொல்ல வைக்காதே.

அக்கா