பெரட்டில் பெயர் கூப்பிட்டால்

சிவமயம்

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம்,
1921 கார்த்திகை

அன்புள்ள விசாலாட்சிக்கு,

நீயும் குழந்தை லீலாவும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. வட்டுக்கோட்டையில் மழை பிடித்திருக்கும். கூரை வேய்ந்தாயிற்றா? லீலா தவழ்கிறாள் என்று நீ எழுதியதை வாசித்து வாசித்துக் கடதாசியே நைந்துவிட்டது.

வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தின் கோடி அறையில் பள்ளிக்கூடம் தொடங்கினேன் என்று எழுதியிருந்தேனே, அதனால் நான் பட்ட பாட்டைக் கேள். காலையில் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவேன். "இருக்கேங்க" என்று சொன்ன பிள்ளை அப்படியே எழுந்து வெளியே போய்விடும். எல்லாப் பெயரையும் கூப்பிட்டு நிமிர்ந்தால் அறையில் நானும் கரும்பலகையும்தான்.

கொழுப்பு என்று நினைத்தேன். கத்தினேன், பிரம்பால் மேசையை அடித்தேன். பிள்ளைகள் மிரண்டார்களே தவிர, போவது நிற்கவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. மாதம் முடிவதற்குள் பிள்ளைகளை உட்கார வைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவேன் என்று தோட்டத்துத் துரை சொன்னார். மூடட்டும், வீட்டுக்குப் போகலாம் என்றுகூட என் மனம் ஆசைப்பட்டது. மூடினால் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்தெடுக்கத்தான் போகவேண்டும் என்பதும் தெரியும்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பரிமளம் என்ற சிறுமியின் தாய் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். உன் மகள் ஏன் ஓடுகிறாள் என்று அவளிடம் மெல்லக் கேட்டேன். "பெரட்டுல பேரு கூப்பிட்டா மலைக்குப் போயிரணுங்க. நின்னா கங்காணி அடிப்பாருங்க. அதான் புள்ள போகுது" என்றாள். விடியலில் தப்படித்து ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்புவதைத்தான் இங்கே பெரட்டு என்பார்கள். நான் தினமும் பெயர் கூப்பிட்டது, அவர்களைப் போகச் சொன்னதாக ஆகியிருக்கிறது.

மறுநாள் இடாப்பைத் திறக்கவில்லை. வாசலில் நின்று, வந்த ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்தேன். ஒருவரும் போகவில்லை. தொண்டை சரியான பிறகும் அப்படியே செய்கிறேன். பரிமளம் மட்டும் நான் கையை எடுத்த பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள். எனக்குக் கண் கலங்கிவிடும். லீலாவின் தலையை நான் இன்னும் தொட்டதேயில்லை.

துரை வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். பள்ளிக்கூடம் தப்பியது. பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கேட்டேன். இவ்வளவு நன்றாக நடக்கும்போது லீவு எதற்கு என்றுவிட்டார்.

இங்கே எல்லாருக்கும் நான் வாத்தியார்தான். என் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. நீயும் சொன்னதில்லை. பதிவுக்கு வந்த ஊர் விதானையார் உன் புருஷன் பெயரைக் கேட்டதற்கு முருகன் படத்து மயிலைக் காட்டினவள் அல்லவா நீ!

லீலாவுக்கு என் ஆசீர்வாதம். அவள் தலையில் எனக்காக ஒருமுறை கை வை. வழக்கம் கிடக்கட்டும் விசாலாட்சி, அருகில் யாரும் இல்லாத நேரத்தில் என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடு. இந்தப் பிள்ளைகளைப் போல நானும் அப்படியே எழுந்து வந்துவிடுவேன்.

இங்ஙனம்,
மயில்வாகனம்