பூவம்மாளின் வயது

ஆரணி,
4.2.2024

மதிப்பிற்குரிய இளமதி மேடத்துக்கு, குணா வணக்கத்துடன் எழுதுவது.

அம்மா சுகம். நீங்கள் வந்துபோனதிலிருந்து, "அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்புடாமயே பூட்டுச்சே" என்று என்னோடு சண்டைதான். அம்மாவுக்கு நூற்றுப் பதினைந்து என்பதை முதியோர் வயதைச் சரிபார்க்கும் உங்கள் ஆய்வுக் குழு ஒத்துக்கொண்டதா என்று ஊரே கேட்கிறது. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பு ஆலையிலும் இதே பேச்சு.

ரேஷன் கார்டு மட்டும் போதாது என்றீர்கள். அம்மாவின் இளமையைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர் அஞ்சம்மாள் ஒருவர்தான். பொன்னேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். போய்க் கேளுங்கள்.

குணா

மணவாள நகர்,
26.2.2024

அன்புள்ள குணா அண்ணனுக்கு,

அஞ்சம்மாளைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு வயது. அதை வேறு வழிகளில் சரிபார்த்துவிட்டேன். "நான் பொறக்கசொல்லயே பூவம்மா கல்யாணமாயி வந்துடுச்சி. என்னை இடுப்புல வெச்சிக்கினு திரிஞ்சவ அவ" என்றார். எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் உடைந்துபோகும். உங்கள் அம்மாவுடையது உடையவில்லை.

அதனால்தான் இதை எழுதத் தயங்குகிறேன். உங்களுக்கு வயது நாற்பத்தொன்பது. நீங்கள் பிறந்தபோது அம்மாவுக்கு அறுபத்தாறு. அந்த வயதில் பிள்ளை பிறந்திருக்க முடியாது. அஞ்சம்மாளிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அத அவளையே கேளு" என்றார்.

அம்மாவிடம் கேட்கும் உரிமை எனக்கில்லை. வேண்டாம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். மன்னியுங்கள் அண்ணா.

இளமதி

ஆரணி,
20.3.2024

இளமதி மேடத்துக்கு,

உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஷிப்டில் எதிலும் கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி கொடுக்கும்போது அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

அம்மா சொன்னது: "உன்னப் பெத்தவ நம்ம கழனிக்கு நடவுக்கு வர்றவ. அவ ஊட்டுக்காரன் முன்னாடியே பூட்டான். பெத்த மூணா நாளு அவளும் பூட்டா. யாரும் உன்னத் தொடல. நான் தூக்கிக்கினு வந்தேன். கெழவிக்குப் புள்ள பொறந்துச்சின்னு ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டும்னு உட்டுட்டேன்."

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு இன்னா எழுதப் போவுது?" என்று கேட்டது.

"உன் வயசு நெஜம், நான் உன் புள்ள இல்லன்னு."

"அப்ப எனுக்குத் தொண்ணூறுன்னு எழுதிக்கச் சொல்லு. வயசு போனாப் போவுது. நீ இல்லாம எனுக்கு இன்னாத்துக்குடா அது?"

மேடம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. ஒன்றுமே எழுத வேண்டாம்.

குணா

மணவாள நகர்,
2.4.2024

அன்புள்ள அண்ணா,

தொண்ணூறு என்று எழுத என்னால் முடியாது. எழுதாமல் விட முடியும். விட்டுவிட்டேன். இந்த வேலையில் ஒவ்வொருவர் வயதையும் நம்பாமல்தான் தொடங்குவேன். முதல் தடவையாக முழுக்க நம்பிய ஒன்றை மூடி வைக்கிறேன். வருத்தமில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளமதி

ஆரணி,
11.8.2024

அன்புள்ள தங்கை இளமதிக்கு,

அம்மா போன வியாழக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டது.

கொள்ளி வைக்கும் நேரத்தில் பங்காளி லோகு, "ரத்த சொந்தம்தான் வெக்கணும்" என்று இழுத்தான். ஊருக்கெல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அஞ்சம்மாளை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்கள். ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே, "புள்ளகிட்ட குடுங்கடா" என்றார். கொடுத்தார்கள்.

மயானத்தில் பெயர் எழுதுகிறவர் வயது கேட்டார். "நெறைய" என்றேன். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

இப்படிக்கு,
பூவம்மாள் மகன் குணா