என் துறவியை யாரும் மாற்ற வேண்டாம்

ஜூன் 2, ஞாயிறு

இன்று எனக்கு அநியாயம் நடந்தது. என் துறவியை வைத்தியராக மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பகடை ஆட்டம். மருமகள் கதையை நடத்துவாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். செய்யப்போவதைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாள்வீரர். மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி, மந்திரவாதி. நான் வெறுங்கைத் துறவி. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவனுக்கு வாள் எதற்கு?

“சம்பந்தி, உங்க சாமியார் எதிரியைக் கிள்ளிட்டு ஓடி வந்துடறார். நமக்கு வேண்டியது வைத்தியர்,” என்றார் மந்திரவாதி. டாக்டரும் தலையாட்டினார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பாசம்கூடக் கிடையாது.

மருமகள் தீர்ப்பு: அடுத்த வாரம் பாலத்து ராட்சசனை என் துறவி வீழ்த்தினால் இருக்கலாம். இல்லாவிட்டால் மாற வேண்டும்.

மாற மாட்டேன்.

ஜூன் 4

ஆட்டத்தின் ஆங்கில விதிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படிக்கிறேன். பறந்து வரும் அம்பைத் துறவி கையால் பிடித்துத் திருப்பி எறியலாமாம்! மனைவியிடம் காலுறைகளைச் சுருட்டி எறியச் சொன்னேன். முதலாவதைப் பிடித்தேன். இரண்டாவது மூக்குக் கண்ணாடியில்.

“இன்னும் ரெண்டு ஜோடி இருக்கு, எறியட்டுமா?” என்கிறாள். என்ன ஆர்வம்!

ஆனால் ராட்சசனிடம் வில்லே இல்லையே. எதைப் பிடிப்பது?

ஜூன் 6

துறவி சுவரில் ஓடலாம். பாலத்தில் சுவர் ஏது?

ஜூன் 7

கிடைத்துவிட்டது — யாரிடமும் சொல்லப் போவதில்லை. தலையணையைக் கட்டிப் பிடித்துக் கட்டிலில் விழுந்து பார்த்தேன்.

“ராட்சசன் சாகறதுக்கு முன்னாடி கட்டில் உடைஞ்சிடும் போல இருக்கே,” என்றாள் மனைவி.

ஜூன் 9, ஞாயிறு

சம்பந்தி பாலத்தில் நெருப்பு மந்திரம் போட்டார். மரப்பாலத்தில்! ராட்சசன் அசையவில்லை, மந்திரவாதிதான் தாடி கருகிச் சாகக் கிடந்தார். டாக்டர் எரிந்த பலகைகளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மிச்சம் நான்.

“ராட்சசனைக் கட்டிப் பிடிக்கிறேன்.”

“எதுக்கு, கொஞ்சறதுக்கா?” சாகக் கிடந்தும் சம்பந்திக்கு வாய் ஓயவில்லை.

“குதிக்கறதுக்கு.”

பாலத்துக்குக் கீழே பெரும் பள்ளம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் துறவிக்குப் பெரிதாக அடிபடாது, அது விதி. ராட்சசனுக்கு அப்படி எதுவும் எழுதவில்லை. நான் உருட்டினேன். அவனுக்காக மருமகள் உருட்டினாள், தன் அப்பாவைப் பார்த்தாள்.

“சாரிப்பா. ராட்சசன் காலி.”

சம்பந்தி புத்தகத்தைப் பிடுங்கி அந்த விதியைத் திரும்பத் திரும்பப் படித்தார். படிக்கட்டும்.

ஜூன் 11

சம்பந்தியிடமிருந்து போன்.

“உங்க சாமியார் பள்ளத்துல தனியா கிடக்கறாரே. மேல நானும் கருகிக் கிடக்கறேன். பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல? பேசாம நானே வைத்தியரா வந்துடறேன்.”

மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. கவனித்துக்கொண்டேன்.

ஆக, ஞாயிறன்று —

டாக்டர்: கயிறு இறக்க வேண்டும்.

மருமகள்: நான் மூச்சு வாங்கும்வரை பள்ளத்தில் வேறு ராட்சசனை விடக் கூடாது.

மனைவி: என் காலுறைகளைத் திருப்பித் தர வேண்டும்.

சம்பந்தி: வைத்தியருக்கான விதிகளைப் படிக்க வேண்டும். புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. சீக்கிரமே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கலாம். அகராதி தருகிறேன்.

நான்: துறவி. அப்படியே.